சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, பல் வைத்தியம் ஏன் வருவதில்லை?

உங்கள் கேள்வி இது: அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆனால் பல் வலி என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் "பிடுங்கிடலாம்மா" என்கிறார்கள். வேர் சிகிச்சை (ரூட் கேனால்), பல் செட் எல்லாம் வெளியே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஒன்றை இலவசமாகத் தர முடிகிற அரசுக்கு இன்னொன்றைத் தர ஏன் முடியவில்லை, பணம் இல்லையா, மனம் இல்லையா? எனக்கு இதற்குள் வேறொரு கேள்வியும் கேட்கிறது. கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் எந்த நோய்க்கு முதலில் செலவழிப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள், அந்த வரிசையில் பல் ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிறது? நான் பல் மருத்துவன். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாவட்ட அளவிலான அரசு வேலையிலும் பல வருடங்கள் இருந்தவன். பல்லைப் பற்றிச் சொல்வதை என் கை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சர்க்கரைக்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை. அந்தப் பகுதியை, அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த மருத்துவர்களோடு சேர்ந்து பார்த்ததையும் ஆய்வுகளில் படித்ததையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் பணம். 2025-26இல் தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். தலைக்கு வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 2,800 ரூபாய்தான் வருகிறது. சம்பளம், மருத்துவக் கல்லூரிகள், பிரசவம், தடுப்பூசி, விபத்துச் சிகிச்சை, காப்பீட்டுத் திட்டம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சென்னையில் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்குத் தனியாரிடம் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டாலே இதைவிட அதிகம் ஆகிவிடும். ஆகவே சொத்தையான ஒவ்வொரு பல்லுக்கும் அரசு செலவில் வேர் சிகிச்சை என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால் சர்க்கரைக்கும் அரசு கைவிரித்திருக்க வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். அதையே எடுத்துச் செய்ய முடிந்திருக்கிறது.

எப்படி முடிந்தது என்று பார்த்தால் பல்லின் சிக்கலும் விளங்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, பிரஷருக்கான அம்லோடிபின் எல்லாமே காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, அதனால் விலை மலிவு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டரில் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், அதற்கு ஒதுக்கிய தொகையைக் குறித்த ஒரு பாஸ்புக் உண்டு, தேவையைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்துத்தான் மற்ற பல மாநிலங்களும் இப்படிக் கழகம் அமைத்தன. உலக வங்கி உதவியோடு 2007 வாக்கில் விருதுநகரிலும் சிவகங்கையிலும் சர்க்கரை, பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கான முன்னோட்டத் திட்டம் நடந்தது. 2012இலிருந்து அது மாநிலம் முழுக்க விரிந்தது. இந்த அடித்தளம் ஏற்கெனவே இருந்ததால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபோது மாத்திரையை வீடு வரை கொண்டுபோக முடிந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் பெண் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் பையில் குளுக்கோமீட்டர், பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு மாத மாத்திரை, பதிவு செய்ய ஒரு செல்போன், இவ்வளவுதான் இருக்கும். மருத்துவர் ஒருமுறை பார்த்து முடிவு செய்ததை அடுத்த பல மாதங்களுக்கு மருத்துவர் இல்லாதவரே தொடர்ந்து கொடுத்துவர முடிகிறது. சர்க்கரை நோய்க்கு வாய்த்த பெரிய வசதி இதுதான்.

பலன் உண்டு என்பதற்கான சான்றும் பலமானது. பிரிட்டனில் 1977 முதல் 20 ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறிய இரத்தக் குழாய்களுக்கு வரும் பாதிப்பு கால்வாசி குறைகிறது என்று காட்டியது. அதே ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் இரத்த அழுத்தத்தைக் கவனமாகக் குறைத்தபோது பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. ஏழை நாடுகளுக்காக உலக வங்கி தொகுத்த நோய்க்கட்டுப்பாட்டு ஆய்வுகளில் சர்க்கரை நோய் பற்றிய அத்தியாயம், செய்தால் கடைசியில் செலவே மிச்சமாகும் என்று மூன்றைச் சொல்கிறது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களின் சர்க்கரையைக் குறைப்பது, இரத்த அழுத்தத்தைக் குறைப்பது, ஆபத்தில் உள்ளவர்களின் பாதத்தைப் பரிசோதித்துப் பராமரிப்பது. மூன்றுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யக்கூடியவை. இதை உறுதியாகத் தெரிந்தவற்றில் வைக்கலாம்.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பக்கமும் உண்டு. மாத்திரை வீட்டுக்கு வருவதும் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் வேறு வேறு. 2020இல் தமிழ்நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2023-24இல் நடந்த அடுத்த சுற்றில் இது 16.7 சதவீதம் ஆனது. முன்னேற்றம்தான், சந்தோஷப்பட வேண்டியதுதான். அப்போதும் ஆறு பேரில் ஐந்து பேர் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். அந்த முன்னேற்றத்தில் வீடு தேடிப் போகும் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு எண்ணையும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கோடியாவது பயனாளி, இரண்டு கோடியாவது பயனாளி என்று வரும் அறிவிப்புகள் எத்தனை பேரைத் தொட்டோம் என்பதைச் சொல்கின்றன, எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது என்பதைச் சொல்வதில்லை. ஊர் முழுக்க எல்லோருக்கும் சர்க்கரை பார்ப்பதால் சாவு குறையுமா என்பதும் விவாதத்தில் இருக்கும் விஷயம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நடந்து 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் பத்தாண்டு இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊரில் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்கள் அதிகம் என்பதால் இங்கே பலன் கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். அது எண்ணம்தான், நிரூபணம் இல்லை.

இனி பல்லுக்கு வருகிறேன். பல் வைத்தியத்தைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்ப முடியாது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பல் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு சேர், அதை ஓட்ட ஒரு கம்ப்ரஸர், தடைபடாத மின்சாரம், தண்ணீர், எச்சிலை உறிஞ்சும் சக்ஷன், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்க ஆட்டோகிளேவ். இதில் எது நின்றாலும் அன்றைய வேலை நின்றது. கம்ப்ரஸரில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும். வடிக்கவில்லை என்றால் அந்த ஈரம் காற்றுக் குழாய் வழியாகப் போய் டிரில்லின் கைப்பிடியைக் கெடுத்துவிடும். மாற்றுக் கைப்பிடிக்கு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் அந்த அறையில் நடப்பது பல் பிடுங்குவது மட்டும்தான், ஏனென்றால் பிடுங்க மரத்துப்போகும் ஊசியும் குறடும் போதும். கருவி எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் கணக்கு வேறாக இல்லை. பல் பிடுங்க பெரும்பாலும் 15 நிமிடம் போதும், மறுபடி வரத் தேவையில்லை. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி. முடிந்த பிறகு கேப் போடாவிட்டால் பல் உடைய வாய்ப்பு அதிகம். கேப் செய்ய லேப் வேண்டும், டெக்னீஷியன் வேண்டும். வெளியே ஓபி சீட்டோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை நிற்கும்போது, ஒருவருடைய ஒரு பல்லைக் காப்பாற்றும் நேரத்தில் நான்கு பேருடைய வலியை நிறுத்தலாம் என்ற கணக்குதான் எந்த மருத்துவருடைய கையையும் குறடு பக்கம் கொண்டுபோகிறது. "பிடுங்கிடலாம்மா" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னவர் அக்கறை இல்லாமல் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

பணக்கார நாடும் இதே இடத்தில்தான் இடறியது. பிரிட்டன் 1948இல் எல்லா மருத்துவத்தையும் இலவசமாக்கியபோது பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும் அதில் அடக்கம். அதுவரை கையில் காசில்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள், செலவு போட்ட மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியது. 1951இல் முதன்முதலாகக் கட்டணம் வைத்தது பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும்தான். அதை எதிர்த்து, அந்தத் திட்டத்தையே உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது பல் என்ற பழக்கத்துக்கு வயது 70க்கு மேல் ஆகிறது. பல் போனால் உயிர் போகாது என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்லப்படும் நியாயம்.

அந்த நியாயம் சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தாது. என் பதிலில் ஒன்றை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும் என்றால் இதைச் சொல்வேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் அடிக்கடியும் கடுமையாகவும் வருகிறது, இது நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஈறில் இருக்கும் அழற்சி திரும்பிச் சர்க்கரையை ஏற்றுகிறதா என்பதில் நீண்ட காலம் சண்டை நடந்தது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்த சோதனை, ஈறுக்குச் சிகிச்சை செய்ததால் சர்க்கரை குறையவில்லை என்றது. 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 35 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. பழக்கமான மாத்திரைகளோடு இதுவும் சேரும்போது சிறிய அளவு இல்லை இது. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நல்ல வசதியுள்ள இடங்களில், நேரம் எடுத்துச் செய்யப்பட்டவை. நெரிசலான அரசு ஓபியில் 20 நிமிடத்தில் செய்யும் கிளீனிங்குக்கு அதே பலன் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொன்றை நான் நாற்காலிப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடைவாய்ப் பற்கள் போன அம்மாக்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: இட்லி, குழைய வடித்த சோறு, ரசம், காபியில் தோய்த்த பன் அல்லது பிஸ்கட். பக்கத்து அறையில் சர்க்கரைக்குக் கொடுத்த அறிவுரைச் சீட்டில் சுண்டல், கீரைத்தண்டு, முளைகட்டிய பயறு, கொய்யாக்காய் என்று எழுதியிருக்கும். மெல்லவே முடியாதவருக்கு மெல்ல வேண்டியதைச் சாப்பிடச் சொல்லி அனுப்புகிறோம். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏறியிருந்தால் "வாயைக் கட்டவே மாட்டேங்கிறீங்க" என்று திட்டுவது வேறு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அப்படியானால் குறைந்த பணத்தில் எதைச் செய்வது? சர்க்கரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாயையும் பல்லுக்காக எடுக்கச் சொல்ல மாட்டேன். சர்க்கரைத் திட்டம் எப்படி மலிவான, உறுதியாகப் பலன் தரும் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பரவலாகக் கொடுத்ததோ அதே வழியைப் பல்லுக்கும் பின்பற்றச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல்லுக்காகச் சேர்த்தவை எளியவை: ஃபுளூரைடு பற்பசை, சில்வர் டயமின் ஃபுளூரைடு, கிளாஸ் அயனோமர் சிமெண்ட். சில்வர் டயமின் ஃபுளூரைடு ஒரு திரவம். ஒரு சொட்டைச் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். தடவிய இடம் கறுப்பாகிவிடும், அதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். பால் பற்களிலும் கடைவாய்ப் பற்களிலும் இதற்கு யாரும் அதிகம் ஆட்சேபிப்பதில்லை. கிளாஸ் அயனோமர் சிமெண்டைக் கைக்கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்த பள்ளத்தில் அடைக்கலாம், பள்ளி வகுப்பறை பெஞ்சில் வைத்தே செய்யலாம். ஃபுளூரைடு பேஸ்ட்டுக்கு அரசு செலவே தேவையில்லை, தெரிந்து வாங்கினால் போதும். மூலிகை பேஸ்ட் என்று விற்பதில் பலவற்றில் ஃபுளூரைடு கிடையாது, டியூப்பின் பின்னால் பார்த்து வாங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஊர்களில் சின்னக் குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, சர்க்கரைப் பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொருவருடைய வாயையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்கு மூன்று கேள்விகள் கற்றுக்கொடுத்தால் போதும்: பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, கெட்டியானதை மெல்லச் சிரமமாக இருக்கிறதா. ஆமாம் என்று சொல்பவர்களைப் பல் அறைக்கு அனுப்பினால், பிடுங்கும் நிலைக்கு வரும் முன்பே பலரைப் பிடித்துவிடலாம். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. நாட்டில் 300க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, வருடா வருடம் பிடிஎஸ் முடித்து வெளியே வரும் பிள்ளைகள் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்தவர்கள் இருக்கிறார்கள், அரசில் பணியிடம் இல்லை, சேர் இல்லை, லேப் டெக்னீஷியன் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதே சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்று இடங்களில். இந்த நிலையை நிதிப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மனம் இல்லையா என்று கேட்டீர்களே, அது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

பல் செட்டுக்கும் முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் சமூக நீதித் துறை மந்தஹாசம் என்ற பெயரில், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முதியோருக்கு இலவசமாகப் பல் செட் கட்டிக் கொடுக்கிறது. சுகாதாரத் துறைப் பணத்தை எதிர்பார்க்காமல் முதியோர் நலத்திலிருந்து எடுத்தது நல்ல யோசனை. பிரேசில் 2004இல் பல் வைத்தியத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்தபோது, வட்டார அளவிலான பல் செட் லேப்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. அக்ரிலிக் செட்டுக்குப் பொருள் செலவு அதிகமில்லை. அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் வைத்துச் சரிபார்க்க, மாட்ட, உறுத்தலைச் சரிசெய்ய என்று நாலைந்து முறை வர வேண்டியிருப்பதுதான் முதியவர்களை வீழ்த்துகிறது. பஸ் செலவும், கூட வரும் மகனோ மகளோ இழக்கும் கூலியும் செட்டின் விலையைத் தாண்டிவிடும். மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் லேப் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது என்ன செய்யலாம்? சர்க்கரை இருந்தால் பல்லைத் தொடவே கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பல் பிடுங்குவதும் கிளீனிங்கும் செய்துகொள்ளலாம். காலை உணவும் மாத்திரையும் எடுத்துக்கொண்ட பிறகு காலையிலேயே கூட்டிப்போங்கள், பட்டினியாக வேண்டாம். சர்க்கரை நோட்டும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடுங்கச் சொன்னால், இந்தப் பல் ஆடுவதாலா சொத்தையாலா என்று கேளுங்கள். ஆடுவதால் என்றால் மீதிப் பற்களின் ஈறுக்கு என்ன சிகிச்சை என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள், அதைச் செய்யாமல் விட்டால் அடுத்தடுத்த பல்லும் ஆடும். வேர் சிகிச்சையும் செட்டும் வேண்டுமென்றால் மேலே சொன்ன மூன்று அரசுக் கல்லூரிகளில் உங்களுக்குப் பக்கமானதில் விசாரியுங்கள். சென்னைக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் மேற்பார்வையோடு செய்யும் சிகிச்சையும் கிளினிக்கைவிட மலிவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும். செட் கட்டிய பிறகு இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் செட்டோடு தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சைப் புண் வருவது சாதாரணம். அங்கே சிவந்தோ எரிந்தோ இருந்தால் செட் கட்டிய இடத்திலேயே காட்டுங்கள்.